ஆற்றைத் தூர்ப்பதா, சுருக்குவதா, தாண்டிப் போவதா?

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜிக் கிங்டம் தீம் பார்க்கில் ஓர் ஆறு இருந்தது. எங்கிருந்தும் வராத, எங்கேயும் போய்ச் சேராத ஆறு. ஒரு தீவைச் சுற்றி வெட்டி, தண்ணீர் நிரப்பி, ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள். 1971 அக்டோபரில் பார்க் திறந்த காலத்திலிருந்தே அது அங்கே உண்டு. 2025 ஜூலை 6 அன்று அதில் கடைசியாக நீராவிப் படகு போனது. மறுநாளிலிருந்து மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படங்களை வைத்து ஒரு புதுப் பகுதி வருகிறது.

இந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து டிஸ்னி ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். கார்ஸ் பிடிக்குமா பிடிக்காதா என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது. அது அவரவர் வீட்டுக் குழந்தையின் வயதைப் பொறுத்தது. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்ற கேள்விதான் சுவையானது. அதற்கு நான்கு வழிகள் இருந்தன. நான்காவதைத்தான் இப்போது செய்கிறார்கள். மற்ற மூன்றையும் டிஸ்னியே வேறு ஊர்களில் செய்தோ, மேடையில் படம் காட்டியோ இருக்கிறது. அதனால் இது வெறும் கற்பனை ஒப்பீடு இல்லை; கண்ணால் பார்த்து எடைபோடலாம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கோட்டைக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பிச் சின்னப் பாலத்தைத் தாண்டினால் லிபர்ட்டி ஸ்கொயர். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிழக்குக் கரை ஊர் மாதிரி கட்டியது. அங்கிருந்து ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் கட்டடங்கள் மெல்ல மாறும். செங்கல் போய்ப் பலகை வரும், அப்புறம் ஃப்ரண்டியர்லேண்ட், கடைசியில் செந்நிறப் பாறை மலையாக பிக் தண்டர் மவுண்டன் ரயில். சில நிமிட நடையில் கிழக்கிலிருந்து மேற்குக்கும் ஒரு நூற்றாண்டிலிருந்து அடுத்ததற்கும் வந்துவிடுவோம். இந்த மாற்றம் உறுத்தாமல் இருந்ததற்குக் காரணமே கூடவே வந்த அந்தத் தண்ணீர்தான்.

ஆற்றில் ‘லிபர்ட்டி பெல்’ என்று மூன்று தளப் படகு. தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஒன்று இருக்கும், படகு அதை விட்டு விலகாது. ஆனால் நீராவி இயந்திரம் நிஜம். ஒரு சுற்று 17 நிமிடம். இது போக, தீவுக்குப் போகச் சின்னத் தெப்பங்கள். மார்க் ட்வைன் கதையில் வரும் சிறுவன் டாம் சாயர் பேரில் அமைந்த அந்தத் தீவில் குகை, மரக்கோட்டை, பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்ட ஆடும் பாலம் எல்லாம் உண்டு. ரைடு கிடையாது.

2023 ஜூனில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். எதிலும் ஏறமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மதியம் ஒரு மணி வெயில். பிள்ளைகள் இரண்டும் சிணுங்கத் தொடங்கியிருந்தார்கள். தெப்பத்தில் ஏறித் தீவுக்குப் போனோம். பிள்ளைகள் இறங்கியதும் குகைக்குள் ஓடினார்கள். ஒரு மரத் தாழ்வாரத்தில் ஆடும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், பக்கத்தில் செக்கர்ஸ் பலகை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, முக்கால் மணி நேரம் ஆடிக்கொண்டே இருந்தார். படகு ஒருமுறை ஊதிக்கொண்டு எதிரே போனது. “இந்த ஊர்லயே இங்கதான்டா காத்து வருது” என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகு யாராவது டிஸ்னியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் “ஆத்தங்கரை” என்பார். கோட்டை பேச்சே வராது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று அந்தத் தாழ்வாரத்தில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில் மற்ற ரைடுகளின் முன்னால் ஒரு மணி நேர வரிசை. காலியாக இருந்ததால்தான் எங்களுக்குப் பிடித்தது. காலியாக இருந்ததால்தான் அது போயிற்று.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஆற்றைத் தொடாமல் பிக் தண்டருக்குப் பின்னால் கட்டுவது முதல் வழி. 2022 செப்டம்பரில் நடந்த டி23 ரசிகர் மாநாட்டில் டிஸ்னி பார்க்குகளின் தலைவராக அப்போது இருந்த ஜோஷ் டமாரோ இதைத்தான் படம் போட்டுக் காட்டினார். கோகோ, என்கான்டோ படங்கள், டிஸ்னி கதைகளின் வில்லன்கள் என்று சில யோசனைகள். எல்லாம் ‘பிக் தண்டரைத் தாண்டி என்ன இருக்கும்’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி. அதைக் கேட்டு வீட்டுக்குப் போன ரசிகர்கள் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தார்கள். 2024 மாநாட்டில் கார்ஸும் வில்லன்களும் அறிவிக்கப்பட்டு, அடுத்த சில நாட்களில் ஆறு போகிறது என்பது உறுதியானபோது வந்த கோபத்தில் பாதி இந்த இரண்டு வருட நம்பிக்கையால் வந்தது.

இந்த வழிக்கு ரசிகர்கள் சொல்லும் முதல் வாதம் நிலம். வால்ட் டிஸ்னி ஃப்ளோரிடாவில் வாங்கிச் சேர்த்தது 27,000 ஏக்கருக்கும் மேல். எங்களால் நினைத்துப் பார்க்க முடிகிற எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று 1966இல் எடுத்த படத்தில் அவரே கேமரா முன்னால் சொல்லியிருக்கிறார். அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு ஆற்றில் ஏன் கை வைக்க வேண்டும்?

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அது சதுப்பு. மேஜிக் கிங்டமே தரையில் நிற்கவில்லை. எதிரே இருக்கும் ஏரியைத் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஊழியர்கள் நடமாடும் சுரங்கப் பாதைகளைத் தரை மட்டத்தில் கட்டி, அதற்கு மேல் பார்க்கை வைத்திருக்கிறார்கள். நாம் நடப்பது மாடியில். பின்பக்கம் புதிதாகப் போக வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கு நிலத்தையும் தூக்க வேண்டும். அப்புறம் ரயில். பார்க்கைச் சுற்றி ஒன்றரை மைல் ஓடும் நீராவி ரயில் பாதையைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. டிரான் ரோலர் கோஸ்டர் கட்டுவதற்காக 2018 டிசம்பரில் நிறுத்திய ரயில் மறுபடி ஓடியது 2022 டிசம்பரில். நடுவில் கொரோனாவும் வந்தது என்பது உண்மைதான், இருந்தாலும் நான்கு வருடம்.

இதில் ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. வில்லன்கள் பகுதி எப்படியும் அந்தப் பின்பக்கத்தில்தான் வரப்போகிறது. நிலம் தூக்கும் செலவும் ரயில் பாதையைத் தாண்டும் செலவும் எப்படியும் உண்டு. அப்படியிருக்க, பின்னால் போவது கஷ்டம் என்பதை ஆற்றைத் தூர்க்கக் காரணமாகச் சொல்வது எடுபடாது. கூட்டம் போய் வரும் வழி என்ற காரணம்தான் எனக்குக் கொஞ்சம் எடுபட்டது. இரண்டு பெரிய பகுதிகளையும் பிக் தண்டருக்குப் பின்னால் வைத்தால் அது ஒரே வாய் உள்ள பை மாதிரி ஆகிவிடும். பட்டாசு முடிந்து பத்து மணிக்கு அத்தனை கூட்டமும் ஒரு சந்து வழியாக, ஸ்ட்ரோலர்களோடு வெளியே வர வேண்டும். அந்தக் காட்சியை யோசித்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

இரண்டாவது வழி, ஆற்றைச் சுருக்குவது. கலிஃபோர்னியாவின் அனஹைமில் இருக்கும் மூல டிஸ்னிலேண்ட் இதைச் செய்தது. அங்கே ஆறு 1955இல் திறந்த நாளிலிருந்து இருக்கிறது. தீவு 1956இல் வந்தது, வால்ட் நேரடியாக உட்கார்ந்து வடிவமைத்ததாகப் பேர் பெற்றது. ஸ்டார் வார்ஸ் பகுதிக்கு 14 ஏக்கர் வேண்டியிருந்தது. வெளியே ஊர் நெருக்குகிறது, விரிய இடமில்லை. 2016 ஜனவரியில் ஆற்றை மூடினார்கள். வடக்கு முனையை வெட்டி எடுத்தார்கள், ரயில் பாதையை உள்ளே தள்ளினார்கள், 2017 ஜூலையில் திறந்தார்கள். அதுவரை வலப்பக்கமாகவே வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டிருந்த அந்த ரயில், வாழ்க்கையிலேயே முதல் முறையாக இடப்பக்கம் வளைந்தது. இந்த ஒரு வளைவுக்காகவே டிக்கெட் எடுத்துப் போன ரயில் பைத்தியங்கள் உண்டு.

திட்டம் வெளியானபோது அங்கேயும் ஒப்பாரிதான். ஆனால் திறந்த பிறகு சுருதி மாறியது. பழைய ஆற்றின் பின்பக்கத்தில் மரங்களைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. புதிதாகச் சுருங்கிய கரையில் பாறைச் சுவர் எழுப்பி, அருவிகள் விட்டு, ரயில் பாலம் போட்டிருந்தார்கள். படகில் போகிறவர்களுக்கு ரயில் தெரிகிறது, ரயிலில் போகிறவர்களுக்குப் படகு தெரிகிறது. நீளம் குறைந்ததே தவிர அழகு குறையவில்லை. திட்டியவர்களில் பலர் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பாறைகளுக்கு அப்பால் வேறொரு கிரகம் இருக்கிறது என்பது படகில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அனஹைமுக்கு ஒரு நியாயம், ஆர்லாண்டோவுக்கு ஒரு நியாயமா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். இடமே இல்லாத ஊரில் ஆற்றைக் காப்பாற்றினார்கள், 27,000 ஏக்கர் உள்ள ஊரில் தூர்த்தார்கள். கேலிக்கூத்து மாதிரி இருக்கிறது, இல்லையா? வால்ட் கால் வைத்த இடம் என்ற பாசம் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். என் கணக்கு வேறு. அனஹைம் ஆற்றுக்கு வேலை இருந்தது. 1992 முதல் ‘ஃபன்டாஸ்மிக்’ என்ற இரவுக் காட்சி அந்தத் தண்ணீரில்தான் நடக்கிறது. மாலையானால் கரை முழுவதும் ஜனம். பகலில் நீராவிப் படகு தவிர பாய்மரக் கப்பல் ஓடுகிறது, பார்வையாளர்களே துடுப்புப் போடும் தோணிகள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் ஃபன்டாஸ்மிக்கை வேறொரு பார்க்கில், அதற்கென்றே கட்டிய அரங்கில் வைத்தார்கள். தோணிகளையும் கீல் படகுகளையும் பல வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். தீவிலும் பொழுது சாய்ந்தால் ஆளை அனுப்பிவிடுவார்கள். ஆற்றைத் தூர்க்கும் வேலை 2025இல் தொடங்கவில்லை. சம்பாதிக்கும் வழியை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, கடைசியில் இது சோம்பேறியாகக் கிடக்கிறதே என்று சொன்ன மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆர்லாண்டோவில் சுருக்கியிருக்க முடியுமா? வான்படத்தை அச்செடுத்து பென்சிலால் கோடு போட்டுப் பார்த்த ரசிகர்கள் ஏராளம். நானும் போட்டேன், வீட்டில் சிரித்தார்கள். நடைபாதையை ஒட்டிய தென்பாதித் தண்ணீரை விட்டுவிட்டு வடபாதியை எடுத்தால், கரையில் நிற்பவருக்குக் காட்சி அப்படியே இருக்கும். படகு சின்னதாகச் சுற்றும். தீவில் பாதி போகும், தாழ்வாரமும் ஒரு குகையும் மிஞ்சும். ஆனால் டிஸ்னி அறிவித்திருப்பது இரண்டு ரைடுகள்: மலைப் பாதையில் குலுங்கிக்கொண்டு போகும் பெரிய பந்தயம் ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. என் கோட்டுக்குள் ஒன்றுதான் அடங்கியது. நான் பொறியாளன் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி பாரிஸ். 1992இல் திறந்த அந்தப் பார்க்கில் பிக் தண்டர் மலையையே தீவின் மேல் வைத்துவிட்டார்கள். கரையில் ஏறும் ரயில், தண்ணீருக்கு அடியில் சுரங்கத்தில் பாய்ந்து, தீவில் போய்த் தலை தூக்கும். சுற்றிலும் படகு போகும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது வெறும் தரையில் முதல் நாளே போட்ட திட்டம். ஐம்பது வருடப் பார்க்கில், மாடி மாதிரி தூக்கிக் கட்டிய நிலத்தில், தண்ணீருக்கு அடியில் கார் பாதை தோண்டச் சொல்வது ஆசைக்கு நன்றாக இருக்கும். தீவும் கால் வைக்க முடியாத தீவாகிவிடும். ரசிகர்கள் இதை அடிக்கடி சொல்கிறார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை.

மிஞ்சியது நான்காவது, முழுதாகத் தூர்ப்பது. இதற்கு ஆதரவாக இருப்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இடம் தாராளம். வில்லன்கள் பகுதிக்கும் சேர்த்து அகலமான வழி கிடைக்கும். டிஸ்னி கார்ஸைக் கட்டத் தெரியாத கம்பெனியும் இல்லை. 2012இல் அனஹைமில் திறந்த 12 ஏக்கர் கார்ஸ் லேண்டின் பாறைகளுக்கு முன்னால் சாயங்காலம் நின்றவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஃப்ளோரிடாவில் வருவது அந்தப் பாலைவன ஊரின் நகல் இல்லை. ராக்கி மலைகளை மனதில் வைத்து ‘பிஸ்டன் பீக் தேசியப் பூங்கா’ என்று ஒன்றை அமைக்கிறார்கள். பெயர் கார்ஸ் உலகத்திலேயே நடக்கும் ‘பிளேன்ஸ்’ வரிசையில் 2014இல் வந்த இரண்டாம் படத்திலிருந்து எடுத்தது.

ஃப்ரண்டியர்லேண்டில் காருக்கு என்ன வேலை என்பது எதிர்ப்பாளர்களின் பிரியமான கேள்வி. குதிரை வண்டிக் காலத்தில் பேசும் காரா என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தால், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது 1872இல். அதாவது தேசியப் பூங்கா என்ற எண்ணமே அந்த மேற்கு எல்லைக் காலத்தின் பிள்ளை. உருளை மரங்களும் கல்லும் வைத்துக் கட்டிய விடுதிகள் பலகை ஊருக்குப் பக்கத்தில் உறுத்தாது. கண்ணும் வாயும் வைத்த கார்கள் உறுத்துமா என்பது தூரத்தைப் பொறுத்தது.

‘வால்ட் இருந்திருந்தால் இப்படி நடக்குமா’ என்ற வாதத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் 1966இல் இறந்துவிட்டார். இந்த ஆற்றை அவர் பார்த்ததே இல்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டாம் சாயர் யாரென்றே தெரியாது’ என்று எதிர்த்தரப்பு சொல்வதும் அதே ரகம். என் பிள்ளைகளுக்கும் தெரியாது. குகைக்குள் ஓடுவதற்கு அது தேவைப்படவில்லை.

முழுதாகத் தூர்ப்பதில் உண்மையாகவே இழப்பது என்னவென்றால், வெட்டவெளி. தீம் பார்க் கட்டுகிறவர்கள் ‘வீனி’ என்று ஒன்றைச் சொல்வார்கள், வால்டின் வார்த்தை. கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும் உயரமான காட்சி, கோட்டை மாதிரி. வீனி இழுத்து இழுத்துக் களைத்துப்போன கண்ணுக்கு ஓர் இடம் வேண்டும். அங்கே எதுவும் கூப்பிடக் கூடாது, ஆனால் ஏதோ ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருக்க வேண்டும். படகு அதைச் செய்தது. ஏறாதவர்களுக்கும் செய்தது. புதிய பகுதியில் அருவியும் வெந்நீர் ஊற்றும் வரும் என்று டிஸ்னி சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அருவிக்குச் சத்தம் உண்டு, அதுவும் ஒரு வீனிதான்.

என்னிடம் கேட்டிருந்தால் சுருக்கச் சொல்லியிருப்பேன். பெரிய ரைடை வடபாதியில் வைத்து, சின்னதை வேறு எங்காவது நுழைத்து, தென்கரையை விட்டுவைத்திருக்கலாம். கூட்டம் போக, ஆற்றங்கரையில் இருக்கும் பேய் வீட்டு ரைடான ஹாண்டட் மேன்ஷன் பக்கமிருந்து ஒரு வழி வெட்டினாலும் தண்ணீர் மிஞ்சும். செலவு கூடும், கிடைக்கும் இடம் குறையும். டிஸ்னி ஏன் அதை எடுக்கவில்லை என்பது புரியாமல் இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாலிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் இந்த மாற்றத்தில் உங்களுக்கு லாபம், சந்தேகமே வேண்டாம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் நஷ்டம். மதிய வெயிலில் உட்காரும் இடத்தை இனி முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் தீவும் படகும் சேர்ந்தே வேண்டுமென்றால் அனஹைம் இருக்கிறது, டோக்கியோ இருக்கிறது.

கட்டி முடிக்கும் வரை ரசிகர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கப்போவது மர வரிசையைத்தான். ஹாண்டட் மேன்ஷன் ஆற்றைப் பார்த்த மேட்டில், படகிலிருந்து பார்க்கிறவர்களுக்காகவே வைத்த மாதிரி நிற்கும் வீடு. அதற்கும் கார்களுக்கும் நடுவில் மரங்கள் வைத்து மறைப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேய் வீட்டு வரிசையில் நிற்கும்போது இஞ்சின் உறுமல் கேட்டால் திட்டம் தோற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. பிஸ்டன் பீக்கில் பார்வையாளர் விடுதி ஒன்று வருமாம், பழைய தேசியப் பூங்கா விடுதிகளின் பாணியில். நிஜமான அந்த விடுதிகள் பலவற்றில் தாழ்வாரம் இருக்கும், தாழ்வாரத்தில் ஆடும் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். பாணியைப் பின்பற்றுகிறவர்கள் அதை விட்டுவிட்டால் அது நகலில் பிழை. போனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். “காத்து வருமா பாரு” என்றார்.